யாரைக் கேட்டு என் கழுத்து?

பஸ் நிறுத்தத்துக் கண்ணாடி விளம்பரப் பலகையில் தன் கழுத்தையே பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதில் முகம் இல்லை. கீழ் உதட்டிலிருந்து காறையெலும்பு வரைதான் படம். ஆனால் இடது தாடைக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம், அதற்குக் கீழே சரம் சரமாய் இறங்கும் மடிப்புகள். பிறந்ததிலிருந்து சுமந்து வருகிற கழுத்தை எவளுக்குத்தான் அடையாளம் தெரியாது? மேலே 'முன்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் வழுவழுவென்று இன்னொரு கழுத்து. அதே இடத்தில் அதே மச்சம். மேலே 'பின்'. அடியில் பெரிய எழுத்தில், 'அறுவை இல்லை, ஊசி இல்லை. வெறும் வெதுவெதுப்பு. பத்து வயது குறையுங்கள்.'

கம்ப்யூட்டரில் போட்டுத் தேய்த்து மடிப்பை எடுத்திருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்கு எரிந்தது அது இல்லை. அந்த 'முன்' எப்போது எடுத்த படம் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் எரிந்தது.

போன வருஷம் தாடைக்கு அடியில் ஒரு கட்டி மாதிரி கைக்குத் தட்டுப்பட்டது. தண்ணீர் குடித்தாலே தொண்டையில் ஏதோ அடைத்தது. பயத்தில் புருஷனிடம்கூடச் சொல்லாமல் தங்கையைத்தான் கூப்பிட்டாள். தோல் அழகு மையத்தில் வேலை பார்க்கிறவள், நாலு டாக்டரைத் தெரிந்தவள். சின்னவள் ஓடி வந்து, அக்காவை ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மோவாயைத் தூக்கச் சொல்லி ஒன்று என்று செல்போனில் எடுத்துக்கொண்டாள். எங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை, சாதாரண வீக்கம் என்று தெரிந்தபோது அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கட்டிப் பிடித்து அழுதார்கள்.

அந்தப் படம்தான் பலகையில் இருந்தது. அழுகையை அடக்குவதற்காகக் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததுகூட அதில் தெரிந்தது. ஊரே பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அன்றிலிருந்து தங்கைக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. 'வேலையில் இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்' என்று செய்தி மட்டும் வந்தது. அந்த அப்புறம் வரவே இல்லை.

வீட்டுக்காரரோ எதற்கும் அசையாத மனிதர். பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். வீட்டின் முன் அறையில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பதும் நேரம் ஒதுக்குவதும் அவர் வேலை. காலையில் அவள் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தபோது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கழுத்தைத்தானே போட்டிருக்கா. முகத்தையா போட்டா? தங்கச்சிதானே, விடேன்."

"உங்க வழுக்கையை எடுத்து முடி வளர்ற எண்ணெய்க்கு விளம்பரம் போட்டா விட்டுடுவீங்களா?"

"வழுக்கையைப் பார்த்து யாருக்கு அடையாளம் தெரியப்போகுது" என்று அவர் சிரித்தார்.

இந்த ஆளிடம் கோபப்படுவதும் ஒன்றுதான், சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வகுப்பு நூலகத்து அம்மாவுக்கு. நகர நூலகத்தில் இருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், தனியாக வாழ்கிறவர். ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இந்த வயதில் வந்து சேர்ந்திருந்தார். ஸ்டியரிங்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். கியரைக்கூட மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் மாற்றுவார். பெரியவளுக்கு அவரைப் பிடிக்கும்.

அன்றைக்கு அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி, மோவாய் வரைக்கும் ஒரு பருத்தித் துணியை இறுக்கச் சுற்றியிருந்தார். சளியா என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலே பாதியில் நின்றுவிட்டது.

பழைய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். அங்கேதான் ரிவர்ஸ் எடுக்கப் பழக்குவாள். எண்ணெய் டின்களை வரிசையாக நிறுத்தி, நடுவே வண்டியைப் பின்னால் விடச் சொல்வாள். கண்ணாடியை மட்டும் நம்பக்கூடாது, தோள் மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவள் முதல் நாளிலிருந்து கத்துகிற பாடம். நூலகத்து அம்மா அதை அழகாகச் செய்கிறவர்தான். அன்றைக்கு மட்டும் கழுத்தைத் திருப்பவே இல்லை. மரக்கட்டை மாதிரி நேராக உட்கார்ந்து கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் விட்டார். டின் நசுங்கியது.

"திரும்பிப் பாருங்கன்னு சொன்னேனே. டின்னா இருந்ததால சரி. அங்க ஒரு குழந்தை நின்னிருந்தா?"

மறுபடியும் ஒரு முறை. மறுபடியும் அதே மாதிரி. பெரியவள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். சொல்லிக் கொடுத்ததை மறக்கிறீர்களா, இல்லை என் பேச்சுக்கு மதிப்பு இல்லையா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டாள். வீட்டில் இறக்கி வைக்க முடியாத எரிச்சலெல்லாம் அந்த அப்பாவி மேல் இறங்கியது.

நூலகத்து அம்மா என்ஜினை அணைத்தார். துணியை மெதுவாகப் பிரித்தார். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்தார்.

தாடைக்கு அடியில், வட்டமாக, ஒரு சின்னக் கிண்ணத்தின் வாய் அளவுக்குத் தோல் வெந்திருந்தது. கொப்புளம் உடைந்து, ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் ஈரமாய்ச் சிவந்து கிடந்தது. கழுத்தின் அந்தப் பக்கம் முழுக்க வீங்கியிருந்தது.

நூலகத்து அம்மா வெட்கத்தோடு, தப்புச் செய்துவிட்டவர் போலச் சொல்லி முடித்தார். அந்தத் தோல் அழகு மையத்துக்குத்தான் போனாராம். முதல் தடவை நன்றாகத்தான் இருந்ததாம். கழுத்தில் குளிர்ச்சியாய் ஒரு ஜெல்லைத் தடவி, இஸ்திரிப் பெட்டியைக் குட்டியாக்கின மாதிரி ஒரு கருவியை அதன்மேல் வட்டம் வட்டமாக ஓட்டினார்களாம். அதிலிருந்து வருகிற அலை தோலுக்கு அடியில் சூடேற்றி உள்ளே தளர்ந்ததை இறுக்குமாம். வெந்நீர்த் துணியை வைத்த மாதிரி இதமாக இருந்ததாம். இரண்டாம் தடவையும் அப்படித்தான். அடுத்த தடவை வேறொரு பெண். காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டே, ஜெல்லைப் பெயருக்குத் தடவிவிட்டு, கருவியை ஓட்டாமல் ஒரே இடத்தில் வைத்துவிட்டாளாம்.

"சுடுதும்மான்னு சொன்னேன். சுட்டாத்தான் இறுகும், கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னா. பொறுத்துக்கிட்டேன்."

அப்படிப் பொறுத்துக்கொண்டேனே என்று சொன்னபோதுதான் அவர் கண் கலங்கியது.

மறுநாள் கொப்புளத்தோடு திரும்பிப் போய்க் காட்டினாராம். டாக்டரைப் பார்க்கவே விடவில்லையாம். சிலர் தோலுக்கு அப்படித்தான், கற்றாழை தடவுங்கள், ஆறிவிடும் என்று முன்னால் மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணே சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

"முன்னால யாரு? எப்படி இருந்தாங்க?" என்று பெரியவள் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"சிரிச்ச முகமா இருப்பாங்களே. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

பெரியவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். வெளியே காற்றே இல்லை.

"இந்த வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? யார் உங்களை அங்க போகச் சொன்னது?"

நூலகத்து அம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உங்களைப் பார்த்துத்தான் டீச்சர் போனேன்."

பலகையில் மச்சத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். நாள் முழுக்க வெயிலில் நிற்கிற மனுஷியே செய்துகொண்டிருக்கிறார் என்றால் இது பகட்டுக்காரர்கள் மட்டும் போகிற இடமில்லை, தைரியமாகப் போகலாம் என்று நினைத்தாராம். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத வாழ்க்கையில் தனக்காகவென்று ஒரே ஒரு காரியம் செய்துகொள்ளலாமே என்று தோன்றியதாம்.

பெரியவள் துண்டை உருவிவிட்டுத் தன் சட்டைக் காலரின் மேல் பொத்தானைப் பிடுங்காத குறையாகக் கழற்றினாள். வெயிலுக்காக எப்போதும் மேல் பொத்தான் வரை பூட்டி, அதற்கு மேலே துண்டு வேறு போட்டிருப்பாள்.

"இதைப் பாருங்க. இது அந்தப் 'பின்' கழுத்து மாதிரியா இருக்கு?"

மடிப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. நூலகத்து அம்மா பார்த்தார்.

"துண்டுக்கு மேல அந்த மச்சம் மட்டும்தான் தெரியும். நான் உங்க கழுத்தைப் பார்த்ததே இல்ல டீச்சர். ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்கன்னுதானே சொல்லுவீங்க" என்றவர், தயங்கி, "சந்தேகத்துக்கு உங்க ஆபீஸ்ல சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். ஆமா, அவங்கதான்னு சொன்னாரே" என்றார்.

பெரியவள் இடம் மாறி ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் விட்டாள். அங்கே தோல் பிரிவில் இருந்த இளம் பெண் டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஏன் இத்தனை நாள் விட்டீர்கள், சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, ஆறினாலும் தழும்பு நிற்கும் என்றார். அந்தச் சிகிச்சையையே அவர் குறை சொல்லவில்லை. தெரிந்தவர்கள் அளவாகச் செய்தால், லேசாகத் தளர்ந்த தோல் மாதக் கணக்கில் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான் அதனால் ஆகும். கழுத்தையே மாற்றிக் கொடுக்கிற மந்திரமெல்லாம் அதில் இல்லை என்றார். கட்டுப் போட்டு, தினமும் வந்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது நூலகத்து அம்மா, இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நூலகத்தில் தெரிந்தால் சிரிப்பார்களாம். இந்த வயதில் இது தேவையா என்பார்களாம்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். சாயங்காலம் ஒருத்தியைக் கூட்டிட்டு வரேன். உங்க முன்னால நின்னு அவ பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் வண்டியை எடுத்தாள்.

முதலில் வீட்டுக்குத்தான் போனாள். வீட்டுக்காரர் யாருக்கோ போனில் நேரம் குறித்துக்கொண்டிருந்தார். அவர் வைக்கும் வரை எதிரிலேயே நின்றாள்.

நூலகத்து அம்மா கேட்டபோது ஆமாம் என்று சொன்னீர்களா என்றாள். அவர் யோசித்து, சொல்லியிருப்பேன் என்றார். அப்படியென்றால் பலகையை முன்பே பார்த்திருக்கிறீர்கள் என்றாள். பார்த்தேன், அந்த மையத்து வாசலிலேயே வைத்திருந்தார்களே என்றார். அக்காவும் தங்கையும் ஏதோ பேசி வைத்துக்கொண்டு செய்கிறீர்கள், நடுவில் நமக்கென்ன என்று இருந்துவிட்டாராம்.

"நான் அந்த வைத்தியம் பண்ணிக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரே வீட்லதானே இருக்கோம். என் கழுத்தைப் பார்த்தாலே தெரியாதா?"

"நான் என்ன உன் கழுத்தையா பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர், சமாதானமாகப் பேசுவதாக நினைத்து.

அவள் அவரையே பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததற்கு இந்த ஒரு வாக்கியம் கிடைத்தது. அதைப் பற்றிப் பேச வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் இப்போது அவளுக்கு நேரமில்லை.

"உங்க ஆமாவை நம்பிப் போன ஒரு அம்மா கழுத்து வெந்துபோய்க் கிடக்கு" என்று மட்டும் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல அணைவதைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள்.

தோல் அழகு மையத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர்ந்த காற்றும் ஏதோ பூ வாசனையும் முகத்தில் அடித்தன. வெள்ளைச் சுவர், வெள்ளை நாற்காலிகள், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மெல்லிய இசை. சில பெண்கள் காத்திருந்தார்கள். தாடை தொங்கிய ஒரு ஆள் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். கூடத்தின் நடுவே, ஆள் உயரத்துக்கு, விளக்குப் போட்டு அதே படம் நின்றது. பஸ் நிறுத்தத்தில் இருந்ததைவிட இது பெரிது. அவளுடைய மடிப்பு ஒவ்வொன்றும் முழ நீளத்துக்கு இருந்தது.

மேஜைக்குப் பின்னால் இளநீலக் கோட்டில் சின்னவள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"உள்ள ரூமுக்கு வாக்கா. பேசிக்கலாம்."

"ரூம் எதுக்கு? என் கழுத்தை நடு ஹால்ல நிறுத்தி வச்சிருக்கே. பேச்சையும் இங்கயே வச்சுக்கலாம்."

சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு படபடவென்று சொன்னாள். புது விளம்பரத்துக்கு டாக்டர் படம் கேட்டாராம். இங்கே வந்தவர்களின் படம் எதிலும் முன்னுக்கும் பின்னுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். புதுக் கிளையின் திறப்பு விழா நெருங்கிவிட்டது. அடுத்த கிளையை உன்னை நம்பித்தான் திறக்கப்போகிறேன், பார்ட்னராகவே போட்டுக்கொள்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போனில் தேடியபோது இந்தப் படம் கண்ணில் பட்டது. முகம் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டாளாம்.

"புத்துநோயா இருக்குமோன்னு நடுங்கிக்கிட்டு நின்னப்போ எடுத்த படம்டி அது" என்றாள் பெரியவள். "உன்னைத் தவிர யார்கிட்டயும் நான் வாயைத் திறக்கல. கழுத்தறுக்கிறதுன்னு சொல்லுவாங்க. நீ நிஜமாவே என் கழுத்தை அறுத்து இங்க மாட்டி வச்சிருக்கே."

"மெதுவா பேசுக்கா."

"எதுக்கு மெதுவா? அந்த நூலகத்து அம்மா கொப்புளத்தோட வந்து நின்னப்போ நீ மெதுவாத்தானே பேசி அனுப்பினே. கற்றாழை தடவச் சொன்னியாமே."

காத்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். செய்தித்தாள் கீழே இறங்கியது.

எல்லோரும் பார்ப்பது சின்னவளுக்கும் தெரிந்தது. அவள் முகம் சிவந்தது. மாட்டிக்கொண்டால் சண்டைக்கு நிற்பது சின்ன வயதிலிருந்தே அவள் குணம். விளக்குப் போட்ட பலகையின் கீழே நின்றுகொண்டு மோவாயை வெடுக்கென்று தூக்கினாள்.

"உனக்கு எப்பவுமே என் வேலைன்னா இளக்காரம். நாலு பேர் முன்னால என்னை அசிங்கப்படுத்தணும்னே வந்திருக்கே."

பெரியவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

தூக்கிய மோவாயின் அடியில், விளக்கு வெளிச்சத்தில், நூல் மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது. பெரியவள் ஓட்டிய சைக்கிளின் பின்னாலிருந்து குழந்தையாய் விழுந்தபோது பட்ட காயம் அது. அவள் கண் மெல்ல மேலே போனது. பலகையில், 'பின்' என்ற எழுத்துக்குக் கீழே, அந்த வழுவழுப்பான மோவாயின் அடியில் அதே வெள்ளை நூல்.

கம்ப்யூட்டரில் தேய்த்தது இல்லை.

"இது நீ" என்றாள் பெரியவள். "முன்னால நிக்கறது என் கழுத்து. பின்னால நிக்கறது உன்னுது."

ஒரு பெண் எழுந்து பலகைக்கு அருகிலேயே வந்துவிட்டார். பெரியவளின் திறந்த காலரைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அப்படியென்றால் இது ஒரே ஆள் இல்லையா, அக்கா தங்கச்சியா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

சத்தம் கேட்டு உள்ளே இருந்து டாக்டர் வந்தார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அம்மா உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றார். பெரியவள் உட்காரவில்லை. அவர் காத்திருந்தவர்கள் பக்கம் ஒரு புன்னகையைக் காட்டிவிட்டுச் சொன்னார்.

"உங்க முழுச் சம்மதத்தோட குடுக்கறதாத்தான் உங்க சிஸ்டர் சொன்னாங்க. நான் நம்பினேன். ரெண்டு படமும் ஒருத்தரோடதுன்னுதான் எனக்குத் தெரியும். ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கற ஒரு பொண்ணு செஞ்ச தப்புக்கு நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும்?"

சின்னவள் திரும்பி அவரைப் பார்த்தாள். நேற்று வரை எல்லோர் முன்னாலும் 'நம்ம பார்ட்னர்' என்று கூப்பிட்டவர். இன்றைக்கு ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற ஒரு பொண்ணு. அவள் முகத்தில் சிவப்பு வடிந்து வெளுத்ததைப் பெரியவள் பார்த்தாள். ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

"அக்கா சம்மதிச்சான்னு நான் சொல்லவே இல்ல டாக்டர். நீங்களும் கேட்கல" என்றாள் சின்னவள். "அக்கா படத்தைக் குடுத்தது நான். அது என் தப்பு. அதை யார் தலையிலயும் கட்டல. ஆனா என்னை இந்தச் சுவர்கிட்ட நிக்க வச்சுப் படம் எடுத்தது நீங்க. மச்சம் வைக்கச் சொன்னதும் நீங்கதான்."

டாக்டர் அவளை உள்ளே வரச் சொன்னார். அவள் போகவில்லை. காத்திருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"அந்த மெஷின் அக்கா கழுத்துல பட்டதே இல்ல. என் கழுத்துலயும் பட்டதில்ல. அக்காவுக்கு நான் பதினோரு வயசு சின்னவ. இந்தப் படத்துல இருக்கற வித்தியாசம் அவ்வளவுதான்."

மெல்லிய இசை மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்கு அருகே நின்ற பெண் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் பின்னால் இன்னொருவரும் எழுந்தார்.

பெரியவள் பலகையின் சட்டத்திலிருந்து படத்தின் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். தடிமனான தாள், கரகரவென்று பிரிந்து வந்தது. டாக்டரின் பஞ்சுக் குரல் அப்போதுதான் மாறியது. அது எங்கள் சொத்து, கை வைக்காதீர்கள் என்று அதட்டினார்.

"தாள் உங்க சொத்தா இருக்கலாம். கழுத்து யார் சொத்து?" என்றாள் பெரியவள். "பஸ் ஸ்டாப்பில இருக்கறதை நீங்களே எடுத்துடுங்க. நாளைக்கும் அங்க இருந்தா, இந்தக் கழுத்தோட நான் அதுக்குப் பக்கத்துலயே போய் நிப்பேன். வர்றவங்க ஒப்பிட்டுப் பார்த்துக்கட்டும்."

படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் கதவு மறுபடி திறந்தது. சின்னவள். கோட்டைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டு வந்திருந்தாள். கைப்பைகூட இல்லை.

முன் கதவைத் திறக்கப் போனவளைப் பெரியவள் பார்வையாலேயே தடுத்தாள்.

"பின்னால உட்காரு. உனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர வரல. அந்த அம்மா வீட்டுக்குப் போறோம். அவங்க முன்னால நின்னு இப்போ உள்ள சொன்னதை அப்படியே சொல்லணும். அதுக்கப்புறம் நமக்குள்ள இருக்கறதைப் பேசலாம். அது இன்னிக்கு முடியாது, இந்த மாசமும் முடியாது."

சின்னவள் மறுபேச்சில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கடைத்தெருவில் வண்டி ஊர்ந்தது. சின்னவளின் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. டாக்டராக இருக்கும். அவள் எடுக்கவில்லை. கண்ணாடியில் பெரியவள் பார்த்தாள்: தங்கை அழவில்லை. எதையோ சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தாள். படத்தைத் திருடியவள், காயத்தோடு வந்தவரைக் கற்றாழை சொல்லித் துரத்தியவள், டாக்டர் தன்னைக் கைவிட்ட பிறகுதான் உண்மை பேசியவள். இவளை மன்னிக்க என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டு பெரியவள் சாலையைப் பார்த்தாள்.

நூலகத்து அம்மாவின் தெரு நெருங்கும்போது சின்னவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா. அந்த அம்மா மட்டும் இல்ல."

பெரியவள் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து, திட்டிவிட்டுப் போனான். அவள் திரும்பி, தோள் மேலாகத் தங்கையைப் பார்த்தாள்.

சின்னவள் தலை நிமிரவே இல்லை. இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்றாள். எல்லோருக்கும் கற்றாழை சொல்லி அனுப்பியது தான்தான் என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஒவ்வொரு நாளும் நன்றாகத்தான் சாப்பிட்டாளாம், நன்றாகத்தான் தூங்கினாளாம். அதைச் சொல்லும்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது போல அவள் குரல் போனது.

"ஒருத்தி சின்னப் பொண்ணுக்கா. கன்னத்துல பட்டுடுச்சு. வேலைக்குப் போறதில்லயாம், கதவைக்கூடத் திறக்கறதில்லன்னு அவங்க அம்மா போன்ல அழுதாங்க. நான் வச்சுட்டேன்." சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நூலகத்து அம்மா வீட்டுக்கு அப்புறம் வரேன். முதல்ல அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போ."

பெரியவளுக்குத் தங்கையின் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்துகூட விட்டது. அந்தக் கையால் கியரை மாற்றினாள்.

"எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று மட்டும் கேட்டாள்.